ஓடுகிற சர்வரில் கார்டு மாற்றலாமா?

கம்ப்யூட்டரையே தொடாதவர்களுக்கும் நம்ம ஊரில் தெரிந்த இரண்டு கம்ப்யூட்டர் வார்த்தைகள் உண்டு: "சர்வர் டவுன்". வங்கி, ரேஷன் கடை, பத்திரப் பதிவு, மின் கட்டணம் கட்டுகிற இடம், எங்கே போனாலும் இதைக் கேட்காமல் வர முடியாது. போன செமஸ்டரில் தேர்வுக் கட்டணம் கட்டப் போய் ஒரு வங்கிக் கிளையில் (எந்த வங்கி என்பது வேண்டாமே) இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு எரிச்சலைக் கிளப்பியது காத்திருப்பது அல்ல, அதைச் சொன்ன விதம்தான். "வெளியே மழை பெய்யுது" என்று சொல்கிற தொனியில் "சர்வர் டவுன்" என்கிறார்கள். யார் கையிலும் இல்லாத இயற்கைச் சம்பவம் மாதிரி.

அது மழை இல்லை. பாதி நேரம், எப்போதோ யாரோ ஒருவர் போட்ட பணக் கணக்கின் விளைவு. இதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். பி.காம். படிக்கிறவனுக்கு சர்வரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: விஷயம் ஸ்க்ரூ டிரைவரில் ஆரம்பித்தாலும் லெட்ஜரில்தான் போய் முடிகிறது. கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் ஸ்க்ரூ டிரைவர். சர்வர் என்பதும் கம்ப்யூட்டர்தான். அதன் மதர்போர்டில் நீளமான ஸ்லாட்டுகள் இருக்கும். நெட்வொர்க் கார்டு, டிஸ்க்குகளோடு பேசுகிற கார்டு எல்லாம் அதில்தான் செருகப்படும். வீட்டு கம்ப்யூட்டரில் ஒரு கார்டு கெட்டுவிட்டால் என்ன செய்வோம்? ஷட்டவுன் செய்து, பிளக்கைப் பிடுங்கி, மூடியைத் திறந்து மாற்றுவோம். ஓடிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கார்டும் போகலாம், போர்டும் போகலாம், நடந்துகொண்டிருந்த வேலை நிச்சயமாகப் போகும்.

ஆனால் இது ஒன்றும் இயற்கை விதி இல்லை. 1997-லேயே பிசிஐ ஸ்லாட்டுகளுக்கு "ஹாட் பிளக்" என்கிற தரநிலை வந்துவிட்டது. காம்பேக் நிறுவனம் தன் புரோலயன்ட் சர்வர்களில் அதைக் கொண்டுவந்தது, ஐபிஎம் தன் நெட்ஃபினிட்டி சர்வர்களில் கொண்டுவந்தது. சர்வரை நிறுத்தாமலேயே கார்டை எடுத்துவிட்டு வேறு கார்டு போடலாம்.

எப்படி? நான் நினைத்ததைவிட எளிமையான யோசனைதான். மொத்த சர்வருக்கும் ஒரே ஸ்விட்ச் என்பதற்குப் பதிலாக, ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் தனித்தனியாக மின்சாரத்தை நிறுத்துகிற வசதி. வீட்டில் ஒரு அறையில் பல்பு மாற்ற மெயினை இறக்காமல் அந்த அறை ஸ்விட்சை மட்டும் அணைக்கிறோம் இல்லையா, அப்படி. பின்னால் வந்த பிசிஐ எக்ஸ்பிரஸில் இதை இன்னும் ஒழுங்குபடுத்தினார்கள். ஸ்லாட் பக்கத்தில் ஒரு பொத்தான், ஒரு பச்சை விளக்கு, ஒரு ஆம்பர் நிற விளக்கு. பொத்தானை அழுத்தினால் பச்சை விளக்கு மின்ன ஆரம்பிக்கும். ஐந்து நொடி அவகாசம். தவறான ஸ்லாட்டை அழுத்திவிட்டோம் என்று தோன்றினால் அதற்குள் இன்னொரு முறை அழுத்தி ரத்து செய்துவிடலாம். ரத்து செய்யாவிட்டால் ஆப்பரேட்டிங் சிஸ்டம் அந்த கார்டின் டிரைவரிடம் "கையில் இருக்கிற வேலையை முடித்துக்கொள், புதிதாக எதுவும் வாங்காதே" என்று சொல்லிவிட்டு ஸ்லாட்டின் மின்சாரத்தை நிறுத்தும். பச்சை விளக்கு அணையும். அப்புறம்தான் கையை வைக்கலாம். புது கார்டைச் செருகி மறுபடி பொத்தானை அழுத்தினால் மின்சாரம் வரும், சிஸ்டம் கார்டை அடையாளம் கண்டுகொள்ளும், வேலை கொடுக்கும்.

அந்த கார்டின் தங்க நிற விளிம்பில் ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்வதற்கான முனைகள் மற்றவற்றைவிடக் கொஞ்சம் குட்டையாக இருக்கும். செருகும்போது கடைசியாகத் தொடும், பிடுங்கும்போது முதலில் விலகும். முழுதாக உட்காராத கார்டை உட்கார்ந்துவிட்டதாக சர்வர் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக.

சரி, அந்த கார்டு பார்த்துக்கொண்டிருந்த வேலை அந்த சில நிமிடங்கள் எங்கே போகும்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. அதே வேலையைச் செய்யத் தெரிந்த இரண்டாவது கார்டு பக்கத்து ஸ்லாட்டில் முன்கூட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும். இரண்டு நெட்வொர்க் கார்டுகளை ஜோடி சேர்த்து வைத்திருப்பார்கள். ஒன்று போனால் மற்றது முழுச் சுமையையும் எடுத்துக்கொள்ளும். இருப்பது ஒரே கார்டு என்றால், ஹாட் பிளக் வசதி இருந்தும் பிரயோஜனமில்லை. சர்வர் நிற்காது, ஆனால் அதோடு யாரும் பேச முடியாது. கவுன்டரில் இருப்பவர் அதற்கும் "சர்வர் டவுன்" என்றுதான் சொல்வார்.

ஆக, ஓடும்போதே மாற்றுவது என்பது ஸ்லாட்டின் திறமை மட்டும் இல்லை. சும்மா நிற்பதற்கென்றே காசு கொடுத்து இன்னொன்றை வாங்கி வைத்திருப்பது. இனிமேல் இது எங்கள் டிபார்ட்மென்ட்.

இதில் நம்ம ஊருக்கும் பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2000-களில் இந்தியாவில் விற்ற எச்சிஎல், விப்ரோ கம்ப்யூட்டர்கள் பலவும் புதுச்சேரியில் தயாரானவை. எச்சிஎல் தொழிற்சாலை சேதராப்பட்டில் இருந்தது. லெனோவோவுக்கு இங்கே தொழிற்சாலை இருக்கிறது. ஐபிஎம்மின் பிசி தொழிலை 2005-லும், எக்ஸ்86 சர்வர் தொழிலை 2014-லும் வாங்கிய நிறுவனம் அது. அதாவது மேலே சொன்ன நெட்ஃபினிட்டியின் பரம்பரை இப்போது லெனோவோ கையில். 2024 செப்டம்பரில், ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்களைப் புதுச்சேரியில் தயாரிக்கப் போவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. வெளியூர் நண்பர்கள் பாண்டிச்சேரி என்றதும் வேறு எதையோ நினைத்துச் சிரிக்கிறார்கள். இனிமேல் சர்வரையும் சேர்த்து நினைக்கட்டும் :-)

இந்தியாவில் "நிற்கவே கூடாது" என்று முதலில் காசைக் கொட்டியவர்களில் பங்குச் சந்தைக்காரர்கள் முக்கியமானவர்கள். தேசிய பங்குச் சந்தை 1994-ல் பங்கு வர்த்தகத்தைத் தொடங்கியபோது கத்தல், கை ஜாடை எதுவும் கிடையாது, எல்லாம் திரையில். பின்னால் இருந்தது ஸ்ட்ராட்டஸ் நிறுவனத்தின் கம்ப்யூட்டர். மும்பை பங்குச் சந்தை 1995-ல் "போல்ட்" என்கிற திரை வர்த்தகத்துக்கு மாறியபோது டேண்டம் நிறுவனத்தின் இயந்திரங்களை வைத்துக்கொண்டது. இரண்டும் ஒரே காரணத்துக்காகப் பெயர் வாங்கியவை. உள்ளே எது கெட்டாலும் வெளியே தெரியாது. ஸ்ட்ராட்டஸில் ஒவ்வொரு கணக்கையும் ஒரே போர்டில் இருக்கிற இரண்டு புராசஸர்கள் போட்டு விடையை ஒப்பிடும். விடை வேறுபட்டால் அந்த போர்டு தானாகவே விலகிக்கொள்ளும். அதே கணக்கை அதே நொடியில் போட்டுக்கொண்டிருந்த ஜோடி போர்டு தொடர்ந்து ஓடும். இயந்திரமே தன் நிறுவனத்துக்குத் தகவல் அனுப்பிவிடும். கூரியரில் புது போர்டு வந்து இறங்கிய பிறகுதான் தங்கள் போர்டு கெட்டுப்போனதே வாடிக்கையாளருக்குத் தெரியும் என்று ஸ்ட்ராட்டஸைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பழையதை உருவிவிட்டுப் புதியதைச் செருக வேண்டியதுதான். வர்த்தகம் ஓடிக்கொண்டே இருக்கும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தை மாலை 3:30 மணிக்கு மூடிவிடுகிறதே? காலை 11 மணிக்கு ஒரு கார்டு கெட்டு, ஜோடி கார்டு சுமையை எடுத்துக்கொண்டுவிட்டது என்றால், எதற்கு அவசரப்பட்டு அப்போதே மூடியைத் திறக்க வேண்டும்? 3:30 வரை ஒற்றைக் காலில் ஓட்டிவிட்டு அப்புறம் மாற்றலாமே.

இரண்டு பக்கமும் ஆபத்து இருக்கிறது. காத்திருந்தால், மீதியிருக்கிற ஒன்றும் அந்த நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். காத்திருக்காமல் கையை வைத்தால், அவசரத்தில் நல்ல கார்டைப் பிடுங்கிவிடலாம். கெட்ட கார்டு ஏற்கெனவே வேலை செய்யவில்லை, நல்லதும் கையில் வந்துவிட்டால் சந்தையே நின்றுவிடும். ஆம்பர் விளக்கும் ஐந்து நொடி அவகாசமும் எதற்காக என்று இப்போது புரிகிறதா? கெட்டுப்போகிற கார்டைவிட, கார்டை மாற்ற வருகிற மனிதனைப் பார்த்துத்தான் அந்தத் தரநிலையை எழுதியவர்கள் அதிகம் பயந்திருக்கிறார்கள் என்பது என் ஊகம். என்னைக் கேட்டால், மூடுகிற நேரம் உள்ள எந்த நிறுவனமும் அந்த நேரம் வரை காத்திருக்க வேண்டும். முடியும் என்பதற்காகவே செய்துகாட்ட வேண்டியதில்லை.

அப்படியென்றால் இந்த வசதி யாருக்குத்தான் வேண்டும்? 3:30 என்பதே இல்லாதவர்களுக்கு. நம் வங்கிகள் சமீபத்தில்தான் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே. யுபிஐ பிறந்ததிலிருந்தே தூங்கியதில்லை. இவற்றை எல்லாம் வகுப்பில் வாடிக்கையாளர் வசதி என்று படிக்கிறோம். ஐந்து மதிப்பெண் கேள்விக்கு அது போதும். ஆனால் கம்ப்யூட்டர் அறையில் இருப்பவர் பக்கத்திலிருந்து பார்த்தால், வங்கிக்கு ராத்திரி என்பதே இல்லாமல் போய்விட்டது. முன்பெல்லாம் எல்லாரும் தூங்கும்போது கார்டை மாற்றியிருக்கலாம். இன்று நள்ளிரவு இரண்டு மணிக்கும் யாரோ ஒருவர் ஆஸ்பத்திரி கவுன்டரில் நின்றுகொண்டு பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறார். ஐஆர்சிடிசி மட்டும் இரவு 11:45 முதல் 12:20 வரை முன்பதிவை நிறுத்திவைத்துத் தனக்கென்று ஒரு குட்டி ராத்திரியை வைத்துக்கொண்டிருக்கிறது. புத்திசாலிகள்.

ராத்திரி போய்விட்டால் அதற்குப் பதிலாக இரண்டாவது கார்டு, இரண்டாவது சர்வர், இரண்டாவது கட்டடம் என்று வாங்க வேண்டும். இங்கேதான் காஸ்ட் அக்கவுன்டிங் படித்தவர்கள் முகம் சுளிக்கிறார்கள். சும்மா நிற்கிற திறன் என்றால் எங்கள் பாடத்தில் "ஐடில் கெபாசிட்டி". அது சாதாரண அளவைத் தாண்டினால் உற்பத்திச் செலவில் சேர்க்காமல் காஸ்டிங் லாப நட்டக் கணக்கில் நஷ்டமாகத் தள்ளிவிடுவோம். இந்தப் பழக்கத்தோடு சர்வர் அறைக்குள் போகிறவருக்கு, ஜோடி கார்டுகளில் ஒன்று எந்நேரமும் பாதி தூங்கிக்கொண்டிருப்பது கண்ணை உறுத்தும். "இது எதுக்கு ரெண்டு?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அடுத்த வருட பட்ஜெட்டில் பதில் வந்துவிடும். அதற்கடுத்த வருடம் கவுன்டரில் "சர்வர் டவுன்".

இதில் நான் என் பாடப் புத்தகத்தின் ஒரு பக்கத்தை வைத்து இன்னொரு பக்கத்தோடு சண்டை போடுகிறேன். கணக்கியல் தரநிலை 10 என்ன சொல்கிறது? உதிரி பாகங்கள், ஸ்டாண்ட்பை கருவிகள் ஆகியவை நிலையான சொத்தின் இலக்கணத்துக்குப் பொருந்தினால் அவற்றையும் சொத்தாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது. தேய்மானம் எப்போது தொடங்கும்? ஓட ஆரம்பித்த நாளிலிருந்து அல்ல, ஓடத் தயாராக இருக்கிற நாளிலிருந்து. சும்மா நிற்கிறது என்பதற்காகத் தேய்மானம் போடுவதை நிறுத்தவும் முடியாது. அதாவது, தயாராக நிற்பதும் ஒரு பயன்பாடுதான் என்று தரநிலையே ஒத்துக்கொள்கிறது. அந்த இரண்டாவது கார்டு ஐடில் இல்லை. அது தினமும் காத்திருக்கிற வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. தீ விபத்துக் காப்பீட்டு பிரீமியத்தை, இந்த வருடம் தீப்பிடிக்கவில்லை என்பதற்காக யாராவது வீண் செலவு என்று எழுதுகிறோமா?

ஆனால் வாங்கி வைத்தால் மட்டும் போதாது. இதற்கு 2021 பிப்ரவரி 24-ஐவிட நல்ல பாடம் இல்லை. அன்று காலை 11:40 மணிக்குத் தேசிய பங்குச் சந்தையில் வர்த்தகம் நின்றது. அங்கே இரண்டாவது இல்லாமல் இல்லை. இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமிருந்து இணைப்புகள் இருந்தன. மும்பையிலேயே பக்கத்தில் ஒரு மாற்றுத் தளமும், சென்னையில் ஒரு பேரிடர் மீட்புத் தளமும் இருந்தன. ஆனால் சாலையில் தோண்டுகிற வேலை நடந்ததில் இரண்டு நிறுவனங்களின் இணைப்புகளும் போய்விட்டன. காகிதத்தில் இரண்டு, மண்ணுக்கடியில் ஒன்று. இணைப்பு போனாலும் முதன்மைத் தளம் தனியாக ஓடியிருக்க வேண்டும். அதுவும் நடக்கவில்லை. தகவல்களைச் சேமித்து வைக்கிற அமைப்பு எதிர்பார்த்தபடி நடந்துகொள்ளாமல், இடர் மேலாண்மை மென்பொருள் செயலிழந்தது. இடர் மேலாண்மை இல்லாமல் வர்த்தகம் நடத்தக் கூடாது என்பதால் எல்லாம் நிறுத்தப்பட்டது. சென்னைக்கு மாற்றவும் இல்லை.

பிரச்சினை அதோடு முடியவில்லை. அன்றே வாங்கி அன்றே விற்கிற இன்ட்ரா டே ஆட்கள் நடுவில் மாட்டிக்கொண்டார்கள். மூடுகிற நேரம் நெருங்க நெருங்க, பல தரகு நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களின் நிலைகளை மும்பை பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டன. அதற்குப் பிறகு 3:45-க்குத் தேசிய சந்தை மறுபடி திறந்து 5 மணி வரை ஓடியது. முன்பே முடிக்கப்பட்டவர்கள் வெறும் பார்வையாளர்களாக நின்றார்கள். சின்ன முதலீட்டாளருக்கு அந்த நாலு மணி நேரம் "தொழில்நுட்பக் கோளாறு" இல்லை, மாதச் சம்பளம்.

என் கேள்வி, ஏன் அன்று சென்னைக்கு மாற்றவில்லை? தைரியம் இல்லை என்பதுதான் என் வாசிப்பு. ஓடுகிற சந்தையை நட்ட நடுவில் வேறு ஊருக்கு மாற்றிப் பழக்கம் இல்லாதபோது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடும், இன்னும் பத்து நிமிடம் என்றுதான் யாருக்கும் தோன்றும். செபி ஒரு மாதத்துக்குள், 2021 மார்ச்சில், இந்த ஊசலாட்டத்துக்கு ஒரு முடிவு கட்டியது. முக்கியமான அமைப்பு ஏதாவது தடைப்பட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவிக்க வேண்டும், அறிவித்த 45 நிமிடத்துக்குள் மாற்றுத் தளத்தில் ஓட வேண்டும் என்றது. 2023-ல் தேசிய பங்குச் சந்தையும் அதன் கிளியரிங் நிறுவனமும் சேர்ந்து 72 கோடி ரூபாய்க்கு மேல் கட்டி இந்த விவகாரத்தை செபியோடு சமரசமாக முடித்துக்கொண்டன. அந்தப் பணத்தில் எத்தனை ஜோடி கார்டு வாங்கியிருக்கலாம் என்று நான் கணக்குப் போடவில்லை, நீங்கள் வேண்டுமானால் போடுங்கள்.

அப்புறம் நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை. விடுமுறை நாளில் சந்தையைத் திறந்தார்கள். காலை 9:15 முதல் 10 மணி வரை முதன்மைத் தளத்தில் நிஜமான வர்த்தகம், பிறகு 11:30 முதல் 12:30 வரை பேரிடர் தளத்தில் நிஜமான வர்த்தகம். மே 18-ம் தேதி இன்னொரு முறை. நிஜப் பணம், நிஜ ஆர்டர்கள், விலை ஏற்ற இறக்கத்துக்கு மட்டும் 5 சதவீதக் கடிவாளம். மொத்த சந்தையையே ஒரு கார்டு மாதிரி உருவி இன்னொரு ஸ்லாட்டில் செருகிப் பார்த்தார்கள். வகுப்பில் சில நண்பர்கள் இதை வெட்டி வேலை என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டாவது கார்டை வருடத்துக்கு ஒரு முறையாவது வேண்டுமென்றே ஓட்டிப் பார்க்காவிட்டால், அது சொத்து இல்லை, அலமாரி அலங்காரம். இன்னும் சொன்னால், இடைவேளை விடாமல் ஒரு வேலை நாளில் செய்து பார்க்கிற தெம்பு வர வேண்டும்.

இத்தனையும் சொன்னதால் எல்லா அலுவலகமும் ஹாட் பிளக் வாங்க வேண்டும் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அதுவும் ஒரு ஏமாற்றுதான். விற்க வருகிறவர் "24 மணி நேரமும் நிற்காது சார்" என்று சொல்லி, மாலை ஐந்தரைக்குப் பூட்டுகிற அலுவலகத்துக்கும் தலையில் கட்டிவிடுவார். நம்ம ஊரிலேயே மத்தியானம் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு நாலு மணிக்குத் திறக்கிற கடைகள் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் இதைச் சோம்பேறித்தனம் என்பார்கள். எனக்கு அதில் ஒரு நேர்மை தெரிகிறது. மூடியிருக்கும் என்று முன்பே தெரியும், யாரும் வெயிலில் வந்து ஏமாறுவதில்லை. ஒரு அலுவலகம் "வரும் சனிக்கிழமை மாலை 4 முதல் 6 வரை சர்வர் பராமரிப்பு, பணம் கட்ட முடியாது" என்று மூன்று நாள் முன்னாடி போர்டு எழுதிவைத்தால், ஒற்றை கார்டே தாராளமாகப் போதும். நிறுத்தி, நிதானமாக, விளக்கைப் போட்டுக்கொண்டு மாற்றலாம்.

தொழில்நுட்ப உலகமும் கிட்டத்தட்ட அந்த முடிவுக்குத்தான் வந்திருக்கிறது. மெயின்ஃபிரேம் போன்ற பெரிய இயந்திரங்களை விட்டால், இன்றைய சாதாரண சர்வர்களில் டிஸ்க், பவர் சப்ளை, ஃபேன் ஆகியவற்றைத்தான் ஓடும்போதே மாற்றலாம். உள்ளே இருக்கிற கார்டுகளைப் பெரும்பாலும் அப்படி மாற்ற முடியாது. அதற்குப் பதில், அந்த சர்வரில் ஓடுகிற வேலைகளை அப்படியே பக்கத்து சர்வருக்கு நகர்த்திவிட்டு, காலியான சர்வரை அணைத்து மாற்றுகிறார்கள். அப்போதும் பக்கத்தில் ஒரு சர்வர் இடம் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். செலவு ஸ்லாட்டிலிருந்து ரேக்குக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

நடுவில் நிற்கிறவர்கள்தான் என் கோபத்துக்கு ஆளாகிறவர்கள். இரண்டாவது கார்டு வாங்கவும் மாட்டார்கள், மூடுகிறோம் என்று போர்டு வைக்கவும் மாட்டார்கள். எப்போதும் திறந்திருப்பதாகச் சொல்லிக்கொள்ள வேண்டும், ஆனால் அதற்குரிய காசை மட்டும் கொடுக்கக் கூடாது. கெட்டுப்போகும்போது அந்தச் செலவை கவுன்டருக்கு வெளியே நிற்கிறவர்கள் கொடுக்கிறார்கள். அரை நாள் கூலி, பஸ் காசு, தேர்வுக் கட்டணத்துக்கு அபராதம். இது எந்த நிறுவனத்தின் லாப நட்டக் கணக்கிலும் வருவதில்லை. என்னோடு அன்று வரிசையில் இருந்த ஒரு அம்மா வில்லியனூரிலிருந்து வந்திருந்தார். மறுநாள் மறுபடி வரச் சொன்னார்கள். நெட்வொர்க் கார்டின் விலையை அவரும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார், ரசீது இல்லாமல்.